தூதனை நம்பாதவள்

"சரிங்க டீச்சர், அந்தப் பையன் செத்ததைப் பாத்தது யாரு?"

கேள்வி வந்தது பெண்கள் பெஞ்சிலிருந்து. ஆறாவது பாரத்தில், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில், பெண்கள் பெஞ்ச் என்று இருந்ததே ஒன்றுதான், அதிலும் பாதி காலி. நான் அப்போதுதான் குரல் தழுதழுக்க ஒரு சாவைப் படித்து முடித்திருந்தேன். நாலு பேராவது கண்ணைத் துடைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பையன்கள் பக்கம் ஒரே சிரிப்பு, இந்தப் பக்கம் குறுக்கு விசாரணை. என் தலையெழுத்து!

எங்கள் இங்கிலீஷ் நான்-டீடெயில் புத்தகத்தில் பழைய கிரேக்க சோக நாடகம் ஒன்றைச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். போட்ட புண்ணியவான் ஓசூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டான். கதை இதுதான். ராணி அரண்மனை வாசலில் மகனுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு தூதன் ஓடி வருகிறான். கப்பல் கவிழ்ந்தது, இளவரசன் போய்விட்டான் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறான். ராணி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தூதன் வந்து, ராணி தூக்கு மாட்டிக்கொண்டாள் என்கிறான். மேடையில் ஒருவரும் சாகமாட்டார்கள். சாவெல்லாம் உள்ளே, இல்லாவிட்டால் எங்கேயோ தூரத்தில். நமக்கு வந்து சேருவது சேதி மட்டும்.

பையன்கள் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் பார்த்து வளர்ந்தது தெருக்கூத்து. கூத்தில் திரைக்கு முன்னால் முதலில் ஓடிவந்து பேசுகிறவன் கட்டியக்காரன். கோமாளி. அவன் வாயைத் திறந்தாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். தூதன் மூச்சிரைக்க வந்ததும் இவர்கள் கட்டியக்காரன் வந்துவிட்டான் என்று முடிவு கட்டி, இளவரசன் செத்த சேதிக்குக் கைதட்டிவிட்டார்கள். அவர்களைக்கூட மன்னித்துவிடலாம். இவளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தூதன் பார்த்தான். அவன்தானே சொல்றான்?" என்றேன்.

"அவன் பாத்தேன்னு சொல்றான். அவன் பாத்ததை யாரு பாத்தா?"

"இது நாடகம்மா. தூதன் சொன்னா அது நடந்ததுன்னு அர்த்தம்."

"அப்ப அவன் என்ன சொன்னாலும் அதான் நெசமா?" கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் அந்தத் தூதனும் கூட்டாளிகள் என்பதுபோல ஒரு பார்வை. "அந்தம்மா ஒரு ஆளை அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கலாமில்ல? பாக்காமலேவா தூக்குல தொங்குவாங்க?"

உட்காரச் சொன்னேன். பெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அது அவள் வழக்கம். பெஞ்சைத் தட்டாமல் உட்காரமாட்டாள். ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னால், "உன்கிட்ட சொன்னாரா, வேற யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரைக் கேட்பாள், டிரைவரைக் கேட்பாள், உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கும் கிழவியையும் கேட்பாள். மூன்று பேரும் சூளகிரி என்று சொன்ன பிறகுதான் மூட்டையை உள்ளே வைப்பாள். சூளகிரிக்கு இந்தப் பக்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுடையது.

எல்லாவற்றையும் விட என் கண்ணில் பட்டது தண்ணீர் குடிக்கிற விதம்தான். தம்ளரை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் லேசாகச் சாய்த்து, உள்ளே ஒரு தடவை பார்ப்பாள். பிறகுதான் வாயில் வைப்பாள். தூசி இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை இல்லை அது. தண்ணீர் தண்ணீர்தானா என்று பார்க்கிற பார்வை.

பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகப் பிடாரி. எனக்கும் மனசுக்குள் அதே பெயர்தான்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த வருஷங்களில் ஓசூரில் சந்தேகப்படாதவர் என்று யாராவது இருந்தார்களா? மொழிவாரியாக மாநிலம் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று நிம்மதியாக இருந்த ஜனங்கள், யாராவது வாயைத் திறந்தால் இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். இங்கே மதுவிலக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் கடைகள் திறந்து கிடந்தன. அதனால் பெங்களூர் பஸ் வந்து நின்றால் போலீஸ்காரர் ஏறித் தூக்குச்சட்டியைக்கூட மோந்து பார்ப்பார். திருச்சியிலிருந்து தனியாக வந்து வேலை பார்க்கிற, கல்யாணமாகாத என்னை வீட்டுக்கார அம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லவே வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போனதும் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆக, ஊரே அப்படித்தான். ஆனால் ஊருக்கெல்லாம் அது சளி பிடித்த மாதிரி வந்தது. இவளுக்கு அது எலும்பிலேயே இருந்தது.

கோரஸ் பற்றி நடத்திய அன்றைக்கும் அவளிடம் மாட்டிக்கொண்டேன். "கிரேக்க நாடகத்துல ஒரு ஓரமா ஊர் ஜனங்க கொஞ்சம் பேர் வரிசையா நிப்பாங்க. நடக்கறதெல்லாம் பார்ப்பாங்க. ஐயோ பாவம்னு பாடுவாங்க. ஆனா குறுக்க போகமாட்டாங்க, தடுக்கமாட்டாங்க," என்று விளக்கினேன்.

"தடுக்கமாட்டாங்கன்னா அப்புறம் எதுக்குங்க நிக்கறாங்க?"

"பார்க்கறதுக்கு."

"பாத்ததைப் போய் யார்கிட்டயாவது சொல்வாங்களா?"

"மாட்டாங்க."

"தூதனுக்கு அவங்க தேவலைங்க டீச்சர்," என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கும் அந்தத் தூதனுக்கும் என்னதான் விரோதம் என்று அன்றைக்கு மத்தியானம் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தவளைப் பிடித்துக் கேட்டேன்.

களி உருண்டையைக் கிள்ளிக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். அவள் அப்பா லாரி டிரைவர். நைனா என்றுதான் சொல்வாள். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனவர், போக வர இருந்தவர், ஒரு தடவை போனார், அப்புறம் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து அவரோடு ஓடிய பழைய கிளீனர் ஒருவன் ஊருக்கு வந்தான். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் விஷக்காய்ச்சலில் படுத்தார், போய்விட்டார், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றான். அவள் அம்மா அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இவள் மட்டும் அந்தக் கிளீனரை வாசலில் நிறுத்தி, "நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

"ஷெட்டுல சொன்னாங்கன்னான். ஷெட்டுல சொன்னது யாருன்னேன். முழிச்சான்."

அதோடு விட்டாளா? அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தாலியில் யாராவது கை வைத்தால் கிணற்றில் விழுவேன் என்று ஊரைக் கூட்டிவிட்டாள். தாலி வாங்க வந்த பங்காளிகள் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து அவள் அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் பேச்சு, பொட்டு இல்லாமல் வந்தாலும் பேச்சு. கல்யாண வீட்டில் சேர்க்கவும் பயம், விலக்கவும் பயம். வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

இப்போது விஷயம் முற்றியிருந்தது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டப் போகிறார்கள். பங்காளிகளில் ஒரு சாவு நிலுவையில் இருந்தால் அந்தக் கூட்டம் முழுக்கத் தீட்டு. காப்புக் கட்ட முடியாது, மாவிளக்கு எடுக்க முடியாது. பெரியப்பா வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: "செத்தான்னா செத்தான்னு சொல்லுங்க, கருமாதி பண்ணித் தீட்டுக் கழிச்சுடறோம். இல்லன்னா இருக்கான்னு சொல்லுங்க. நடுவுல நின்னா ஆத்தாளுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள். "நீங்க கூட வரணும் டீச்சர்."

"நானா! நான் எதுக்கு?"

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. சந்தேகக்காரின்னு பேரு. நீங்க பங்காளியில்ல, எங்க ஊரில்ல, எங்க சாதியுமில்ல. நீங்க கூட இருந்தாத்தான் அது நடந்ததுன்னு அர்த்தம்."

என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள்! கழுதை. மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் அம்மாவின் கழுத்து அந்தக் காப்புக் கட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்ததும் வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. எனக்கும் அந்தக் கிளீனர்மேல் சந்தேகம் தொற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரி வார்டில் வயசான ஆயா ஒருத்தி. இவள் கன்னடத்தில் ஊர், அடையாளம், லாரி, காய்ச்சல் எல்லாம் சொன்னாள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றதும் ஆயாவுக்கு நினைவு வந்துவிட்டது. "சத்தில்லம்மா, எத்து ஹோதா," என்றாள். அந்த அளவு கன்னடம் எனக்கும் புரிந்தது. சாகவில்லையம்மா, எழுந்து போய்விட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "யாரு கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி. ஆயா ஒரு பேட்டையின் பெயரைச் சொன்னாள். அங்கேயிருந்து ஒரு பெண் தினம் கஞ்சி கொண்டுவந்தாள், அவள்தான் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள் என்றாள்.

அந்தப் பேட்டையில் விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்கு வந்து சேர்ந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள், முனையில் தெருக் குழாய். "நீங்க இங்கயே நில்லுங்க டீச்சர்," என்றாள். நின்றேன்.

சந்தின் பாதியில் ஒரு வாசற்படியில் காக்கி கால்சட்டை போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் தவழ்கிற வயசுக் குழந்தை. அத்தனை தூரத்தில் தழும்பெல்லாம் எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து அவர் கையில் தம்ளரைக் கொடுத்தாள். அவர் வாங்கினார். வெளிச்சத்துப் பக்கம் லேசாகச் சாய்த்தார். உள்ளே ஒரு தடவை பார்த்தார். பிறகு குடித்தார்.

எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அவள் அவர் எதிரே போய் நின்றாள். அவர் எழுந்தார். குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டது. அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதோ சொன்னார், கையை நீட்டினார், மறுபடி மடக்கிக்கொண்டார். இவள் பேசியதாகத் தெரியவில்லை. குனிந்து அந்தக் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள், ரொம்ப நேரம். அப்புறம் திரும்பி நடந்து வந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓடிப்போய் அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குழாயடியிலேயே நின்றேன். நடுவில் போகிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். இந்த முறை அவள் பஸ் எங்கே போகிறது என்று யாரையும் கேட்கவில்லை. அத்திப்பள்ளி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் முடியவில்லை.

"என்னடி சொன்னார்?"

"யாரு டீச்சர்?" என்றாள்.

அவள் கண்ணைப் பாதி மூடவில்லை. முழுசாகத் திறந்து பார்த்தாள். பாவி மகளே, பதினேழு வயசில் உனக்கு எதற்கு இந்தக் கனம் என்று கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. அதற்குள் பஸ் ஜூஜுவாடி எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது. போலீஸ்காரர் ஏறினார். "பெங்களூர்ல இருந்து என்ன கொண்டுவர்றே?" என்று அவளைத்தான் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க," என்றாள். அவர் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார், பையை உதறிப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அவர்கள் கிராமத்துக்குப் போனோம். கோயில் முன்னால் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக் கதவின் பின்னால் அவள் அம்மாவின் புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. பெரியப்பா கேட்டார், "பாத்தியாம்மா?"

அவள் நடுவில் நின்றாள். "ஆஸ்பத்திரியில போய்க் கேட்டோம் பெரிப்பா. அங்க சாவலை. காய்ச்சல் விட்டு எந்திரிச்சு நடந்து போயிருக்காரு. டீச்சரும் காதால கேட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அது நிஜம்தானே.

"சரி, அப்புறம் எங்க போனான்?"

"அப்புறம் பாத்தவங்க யாருமில்ல," என்றாள். சொல்லிவிட்டு, கொஞ்சம்கூடத் தயங்காமல் பழைய குரலில் சீறினாள். "இனிமே எவனாவது வந்து செத்துட்டாரு, கிடந்துட்டாருன்னு சொன்னா, நீ பாத்தியான்னு கேளுங்க. பாக்காம எங்கம்மா கழுத்துல கை வெக்காதீங்க!"

"இவ சந்தேகம் இவளை விட்டுப் போகாதுப்பா," என்று யாரோ சொன்னார். இன்னொருவர் சிரித்தார். பெரியப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்டுவிடப்போகிறார் என்று நான் மண்ணைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தீட்டு இல்லை. காப்புக் கட்டிக்கலாம்," என்றார்.

செத்தார் என்று சொல்லியிருந்தால் அம்மாவின் தாலி போயிருக்கும். இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தால், எங்கே, யாரோடு என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு அவளிடம் இருந்த ஒரே இடம் அந்தச் சந்தேகம்தான். இத்தனை வருஷம் அது அவள் சுபாவம். அந்தச் சாயங்காலத்திலிருந்து அது வேஷமாகிவிட்டது. வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வாரம் நாடகத்தை வகுப்பில் ஆளுக்கொரு வேஷமாகப் படிக்க வைத்தேன். தூதன் பாகத்துக்குப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். "நான் படிக்கறேன் டீச்சர்," என்று எழுந்தாள். கப்பல், அலை, பாறை என்று நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முடித்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

பண்டிகை முடிந்ததும் அவள் அம்மா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். மாவிளக்கு மாவைத் தேங்காய்ச் சில்லோடு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளை முழுசாகப் பார்த்தேன். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் கனகாம்பரம். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக் காப்பி வாங்கி அவளுக்கு ஒரு தம்ளர் கொடுத்து, நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை, ராகி விளைச்சல், மகள் படிப்பு என்று பேசினாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்.

"டீச்சர், நீங்களும் கூடப் போனீங்களே. நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா. ஆஸ்பத்திரியில விசாரிச்சோம். அவ்வளவுதான்," என்றேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். தம்ளரை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோடு பழகி எப்போது தொற்றியதோ தெரியவில்லை.

"அவளோட நைனாவும் இப்பிடித்தாங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "என்கிட்ட இல்லாததைச் சொல்றப்பவெல்லாம் தம்ளருக்குள்ளயே பாத்துக்கிட்டிருப்பாரு."

அவள் அழுவாள், கேட்பாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் காப்பியை முழுசாகக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து நின்று, தலையில் நழுவியிருந்த கனகாம்பரத்தைச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

"எம்பொண்ணு பாக்கலை. நீங்களும் பாக்கலை," என்றாள். "சரிங்க டீச்சர். நான் வந்து கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. நானும் பாக்கலைன்னே அவ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."